வாரத்தில் எத்தனை நாள் களி?

என் மனைவி பிளசி முனைவர் பட்டத்துக்காக உழைத்த காலத்தில் பாதியை நான் அடுத்தவர் வீட்டு வாசலில் வண்டியோடு நின்று கழித்திருக்கிறேன். உள்ளே அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே இடத்துக்கு வந்து சேருவாள். "வாரத்துல எத்தனை நாள் களி?" அந்தக் கேள்விதான் எங்கள் குடும்பத்தைக் குப்புறத் தள்ளியது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் அந்தோணி பிரகாஷ். தருமபுரியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டுகிறவன், கெட்டுப்போனால் பழுது பார்க்கிறவன். வாரத்துக்கு ஒரு லீவு, ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் பூசை முடிந்து கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்குக் கோயில் வாசலிலேயே பின் சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்துவிடும். "பென்னாகரம் பக்கம் போலாங்க" என்பாள். வெயில், மழை, என் இடுப்பு வலி எதுவும் அவள் கணக்கில் கிடையாது.

பிளசி ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் என் அம்மா, "இவ காலடி வெச்சதுல இருந்து மாடு பால் கறக்க மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தாள். வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் நேராக அம்மாவிடம் போய், "நான் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு கறந்துச்சுங்க அத்தை? அதே தீவனம்தான் போடறீங்களா?" என்று கேட்டாள். அம்மா இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீவனம் மாற்றியது உண்மை.

அந்தச் சண்டையை வைத்துத்தான் அவள் எனக்குத் தன் படிப்பையே விளக்கினாள். நாம் ஒன்றை நினைக்கிறோம், அது கருதுகோள். அதை எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது. மருமகளுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். பிறகு கையில் இருக்கும் தகவல் அதை அடித்து வீழ்த்துகிறதா என்று பார்க்க வேண்டும். வீழ்த்த முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "உங்க அம்மா தலைகீழா ஆரம்பிச்சாங்க" என்றாள். இதை அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளுடைய கருதுகோள் எங்கள் தட்டில் இருந்தது. கையில் காசு கூடக்கூட மனிதர்கள் குறைத்துக்கொள்ளும் பொருளுக்குப் பொருளாதாரத்தில் தாழ்ந்த ரகப் பண்டம் என்று சொல்கிறார்கள். கேழ்வரகு அப்படிப்பட்டது என்று பாடப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதாம். வருமானம் ஏறினால் களி போய் அரிசிச் சோறு வரும். தருமபுரி மாவட்டத்தில் அது இன்னும் உண்மையா? இதைத்தான் அவள் சோதிக்க வேண்டும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு எதற்கு ஏழு வருடம், எங்கள் தெருவிலேயே சொல்லிவிடுவார்களே என்றேன். அவள் வழக்கம்போல, "எப்படித் தெரியும்?" என்றாள்.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் மாதம்மாள் என்கிற அக்காவின் வீட்டுக்குப் போனதை மறக்க முடியாது. ஆடு மேய்க்கிற குடும்பம், கொஞ்சம் மானாவாரி நிலம். எங்களைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டார். வாசலில் நின்ற என் மூக்குக்கே கேழ்வரகு மாவு வெந்த வாசம் வந்தது. களி கிண்டுகிற மரத் துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது, அதில் ஒட்டியிருந்த களியில் இன்னும் ஆவி பறந்தது. பிளசி கேட்டாள்.

"களியா?" மாதம்மாள் சிரித்தார். "அதெல்லாம் யாருங்க இப்பத் திங்கறாங்க? நாங்க சோறுதாங்க. மூணு வேளையும் சோறுதான்."

பிளசி பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள். வண்டியை எடுக்கும்போது, "துடுப்பைப் பார்த்தியா?" என்றேன். "பார்த்தேங்க. ஆனா பதில் சொல்றது அவங்க. நான் பார்த்ததை எழுத ஆரம்பிச்சா அப்புறம் நான் நினைச்சதை எழுதுவேன்" என்றாள். சரி, விதி அப்படியிருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் தருமபுரியிலேயே, மருத்துவக் கல்லூரிக்குப் பக்கம் புதிதாக வந்த நகரில் கேட்டாள். டைல்ஸ் போட்ட வீடுகள், வாசலில் கார். அங்கே பாதி வீட்டில் என்னைத் தெரியும், மெஷின் மாட்டியது நான்தான். ஓர் அம்மா பிளசியை ஏசி போட்ட கூடத்தில் உட்காரவைத்து, "எங்க வீட்ல டெய்லி ராகிதாம்மா. சாருக்கு சுகர். ரைஸை நாங்க தொடறதே இல்ல" என்றாராம். போன வாரம்தான் அந்த வீட்டுச் சமையலறையில் மெஷினுக்குப் பில்டர் மாற்றினேன். பக்கத்திலேயே சாதம் நிறைந்த குக்கர் இருந்தது. பிளசி ஏழு என்று எழுதினாள். அந்த நகர் முழுக்க ஆறும் ஏழுமாக வந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்த அன்று சாயங்காலம் அவள் முகமே சரியில்லை. பணக்காரர்கள் களி தின்கிறார்கள், ஏழைகள் தின்பதில்லை என்று வந்திருந்தது. சும்மா இல்லை, அடித்துச் சொல்லியிருந்தது. இப்படிப்பட்ட சோதனையில் முடிவு எவ்வளவு உறுதியோ அதற்கு ஏற்ப எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார்களாம். அதிகபட்சம் மூன்று. பிளசிக்கு மூன்றும் கிடைத்திருந்தது.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் பிரபாகர் குதித்தார். ஸ்பீக்கரில் அவர் பேசியது எனக்கும் கேட்டது. "பிளசி, இது சாதாரண ரிசல்ட் இல்லம்மா. ராகி தாழ்ந்த ரகம்னு எல்லாரும் எழுதிட்டிருக்காங்க, நீங்க உல்டாவா காட்டியிருக்கீங்க. இன்னொரு ஆளை விட்டு ஒரே ஒரு ஊர்ல மறுபடி கேட்டுப் பாத்துடுங்க. அதே பதில் வந்தா எழுதி முடிச்சுடலாம்." பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்த ஆண்டோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கொடுத்துவிட்டால் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. எனக்குக் கரை தெரிய ஆரம்பித்தது. இனி ஞாயிற்றுக்கிழமை கறி தின்னலாம் என்று நினைத்தேன்.

மறுபடி கேட்பதற்கு ஊரைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். வந்தது பிளசியின் பிறந்த ஊர். சொந்த ஊரில் அவளே கேட்கக் கூடாது என்பதால் முதல் தடவை அங்கே வேறு ஆள்தான் கேட்டது; இந்தத் தடவை அவளோடு கல்லூரியில் வேலை செய்யும் சுபா வந்தாள். சுபாவை ஊர் முனையில் இறக்கிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று என் மாமியார் மிக்கேலம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்தோம். சொல்லாமல் போனதால் அவர் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குண்டான் மேல் தட்டைப் போட்டு மூடி, அதன் மேல் முறத்தையும் கவிழ்த்தார்.

"வாங்க மாப்ள. செத்த உக்காருங்க, சோறு வடிச்சிடறேன்."

அரிசியைக் களைவதற்குள் சுபா வந்து நின்றாள். அவள் கையில் இருந்த வீட்டு எண்களில் இதுவும் ஒன்று. நாங்கள் உள்ளே இருப்பதைப் பார்த்து அவளுக்கும் சங்கடம்தான். பிளசி, "நீங்க கேளுங்க சுபா, நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். நிலம், மாடு எல்லாம் சரியாகச் சொன்னார். கடைசிக் கேள்வி வந்தது.

"களியா? ஆத்தா, அதெல்லாம் என் மாமியாரு காலத்தோட போச்சு. தினமும் சோறுதாம்மா. காலைல இட்லி, தோசை. பூஜ்யம்னு போட்டுக்க."

பூஜ்யம் என்கிற வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்தார். சுபா எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் பிளசி எழுந்தாள்.

"அம்மா, அடுப்புல என்ன?"

"மாட்டுக்குக் கிண்டுனேன்."

"மாட்டுக்கு எதுக்கும்மா கீரை கடைஞ்சிருக்க?"

நான் சிரித்துவிட்டேன். தாயும் மகளும் சிரிக்கவில்லை. மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்னான்னு சொல்லச் சொல்ற? நீ காலேஜுல டீச்சரு. உங்கூட வேலை பாக்கற புள்ள வந்து கேக்குது. உங்கம்மா வூட்ல களியத் தின்னுட்டுக் கெடக்கறான்னு அது போய்ச் சொல்லாதா? உன் மானம் போவாதா?" பிளசி முறத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அன்றைக்கு நாங்கள் சோறு தின்றோம். அருமையான களி ஆறிக் கட்டையாகிக் கிடந்தது.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "என்னோட மூணு ஸ்டாரும் பொய்ங்க" என்றாள்.

"சொன்னதைத்தானே எழுதின? பொய் சொன்னது அவங்க."

"ஆளுக்கொரு பக்கமாப் பொய் சொல்லியிருந்தா பரவால்லைங்க. ஒண்ணுக்கொன்னு அடிபட்டுப் போயிடும். இது அப்படி இல்ல. இல்லாதவங்க எல்லாம் களிய மறைக்கறாங்க. இருக்கறவங்க எல்லாம் தின்னாததையும் தின்னதாச் சொல்றாங்க. எல்லாப் பொய்யும் ஒரே பக்கம் சாயுது. ஆயிரம் வீடு கேட்டாலும் இதே பொய்தான் வரும், இன்னும் உறுதியா வரும். என் கணக்குல எங்கம்மாவே பூஜ்யம்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாத்தியார் ஒத்துக்கொண்டுவிட்டார், கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டுவிட்டது, பெற்ற தாய் பூஜ்யம் என்று எடுத்துக் கொடுக்கிறார், இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிளசி டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறும் பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தது. மறுபடியும் மாதம்மாள் வீடு. இந்த முறை பேனா, பேப்பர் எதுவும் இல்லை. "அக்கா, பசிக்குதுக்கா. களி இருந்தா ஒரு உருண்டை போடுங்களேன்" என்றாள். மாதம்மாள் அவளுடைய வெறும் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு தட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். அத்தனை வருடத்தில் அவள் கேள்வி கேட்கப் போன வீடுகளில் நான் படி தாண்டி உள்ளே போன முதல் வீடு அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பதமான களியை நான் தின்றதில்லை.

கை கழுவிய பிறகு பிளசி மெதுவாகக் கேட்டாள். "தினமும் இதானாக்கா?"

"பின்ன? மலை ஏறி ஆடு மேய்க்கறவளுக்குச் சோறு எந்த மூலைக்கு?" என்றவர் உடனே சுதாரித்துக்கொண்டார். "தின்னியா, போயிட்டு வா. எழுதாத."

"பேரு போட மாட்டோம்க்கா."

"ஊரு பேரு இருக்குமில்ல? எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு இருக்கேன் சாமி. அசலூர்ல இருந்து வர்றாங்க. களி திங்கற ஊருன்னு நீயே எழுதி வெச்சிட்டுப் போவியா? பசின்னு கேட்ட, போட்டேன். அதோட வுட்டுடு."

பிளசி தலையை ஆட்டினாள். அவள் எழுதவில்லை. அதற்குப் பிறகு வேறு வீட்டில் அப்படிக் கேட்கவும் இல்லை. பசி என்று சொல்லி வாங்கித் தின்றுவிட்டு அதைக் கணக்கில் சேர்ப்பது அவளுக்குத் திருட்டாகப்பட்டது. உண்மை தெரிந்தது, அதை எழுத அனுமதி இல்லை. எழுத அனுமதி இருப்பதோ உண்மை இல்லை. இப்படி ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துகிற படிப்பை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

பிரபாகர் சார் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "சர்வேன்னா ஜனங்க அப்படி இப்படித்தான் சொல்வாங்க. குறைபாடுகள்னு ஒரு பகுதி இருக்கில்ல, அதுல ஒரு வரி போட்டுட்டுச் சப்மிட் பண்ணுங்கம்மா" என்றார்.

"ஒரு வரியில அடங்காது சார். முடிவே அந்தப் பொய்தான்."

"அப்ப புதுசா வேற வழியில டேட்டா எடுக்கணும். அதுக்கு உங்களுக்கு டைம் இல்ல."

"தெரியும் சார்."

"அந்தக் களி அத்தியாயத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. யோசிச்சுக்குங்க."

அவள் யோசித்தாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். நான் வண்டி ஓட்டிய தூரத்துக்கு வேளாங்கண்ணிக்குப் பல தடவை போய் வந்திருக்கலாம் என்று சொல்லிக் காட்டினேன். "ராகி பணக்காரங்க சாப்பாடுன்னு என் பேர்ல அச்சாயிடுங்க. அதை யாராவது நம்பி, ஏழைங்களுக்குக் களி வேண்டாம்னு ஒரு முடிவு எடுத்தா?" என்றாள். அப்படி யாரும் படிக்கவே மாட்டார்கள் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. டிசம்பர் முடிந்தது. பதிவு ரத்தானது. நிரந்தர வேலை, வேறு தலைப்பில் பட்டம் முடித்த சுபாவுக்குப் போனது. சுபா நல்ல பெண், இனிப்புக் கொடுக்கும்போது அழுதுவிட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, அதை மறைக்க மாட்டேன்.

விஷயம் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கோயிலில் யாரோ மாமியாரிடம் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். பொங்கலுக்கு நாங்கள் வழக்கம்போல ஒரு மூட்டை பொன்னி அரிசியோடு போனபோது அவர் மூட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

"எம் பேச்சாலயா புள்ள உன் படிப்பு போச்சு?"

"உன்னால இல்லம்மா. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"எனக்கு என்ன கண்ணு தெரியும்? எத்தனைன்னு சொன்னா உனக்கு நல்லதோ, அதைச் சொல்லியிருப்பேனே. இப்ப அந்த சுபா புள்ளைய வரச் சொல்லு. எத்தனை நாள்னு சொல்லட்டும்? நாலா? அஞ்சா? நீ சொல்ற கணக்கை நான் அப்படியே சொல்லிடறேன்."

பிளசி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கீழே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லது கெட்டது ஒண்ணும் இல்லம்மா. படிப்பு முடிஞ்சிடுச்சு. யாருக்கும் எழுத மாட்டேன். சும்மா கேக்கறேன். வாரத்துல எத்தனை நாள் களி?"

மாமியார் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"மாப்ளைய செத்த வெளிய போகச் சொல்லு."

நான் எழுந்து வெளியே போய், இத்தனை வருடமாக எப்படி நின்றேனோ அப்படியே வண்டியருகில் நின்றேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிளசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏழு நாளும் களிதானாம்" என்றாள்.

"நாம வாங்கித் தர்ற அரிசி?"

"நாம வர்றப்ப வடிக்கறதுக்காம். மிச்சத்தை அக்கம்பக்கத்துல குடுத்துடறாங்களாம். சோறு தின்னா அவங்களுக்கு நிறையாதாம், ராத்திரி தூக்கமும் வராதாம். களிதான் புடிக்குமாம்."

காசு இல்லாமல் களி தின்கிறார்கள் என்றது அவள் படித்த புத்தகம். காசு இருப்பவர்கள்தான் தின்கிறார்கள் என்றது கம்ப்யூட்டர். மூட்டை மூட்டையாக அரிசியை வாங்கிப் போட்டாலும் இந்த அம்மா பிடித்துப்போய்க் களி தின்றுகொண்டு, அதை எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இத்தனை ஊர் சுற்றியும் பிளசிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீட்டின் உண்மையான பதில். ஒரு வீட்டை வைத்து எந்தக் கருதுகோளையும் சோதிக்க முடியாதாம், அதையும் அவளே சொன்னாள்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "மாப்ள, உள்ள வாங்க. சோறு வடிச்சிடறேன்."

"களி போதுங்க அத்தை" என்றேன்.

உள்ளே குண்டான் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்: "யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"